படத்துக்குக் கார் வேண்டுமாம்

படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் பழைய கார் பிடித்துக் கொடுப்பது என் தொழில். இதைச் சொன்னதும், கேட்பவர்கள் ஒரு பெரிய கொட்டகையையும் அதற்குள் துணி போர்த்திய கார்களின் வரிசையையும் மனதில் கட்டிவிடுகிறார்கள். எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு மொறிஸ் மைனர். மற்றவை எல்லாம் ஊரார் வீட்டில் நிற்கின்றன. யார் வீட்டில் எது நிற்கிறது, அது ஓடுமா, தள்ளத்தான் வேண்டுமா, சொந்தக்காரரிடம் எந்த நேரத்தில் பேசினால் சம்மதிப்பார் என்பதையெல்லாம் சில கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கொப்பிகளுக்குத்தான் எனக்குக் காசு தருகிறார்கள்.

இதற்கென்று படித்துவிட்டு யாரும் வருவதில்லை. நான் வந்த வழியோ கொழும்பின் கொட்டாஞ்சேனைச் சந்துகளைப் போல எங்கெங்கோ திரும்பி, ஓரிடத்தில் முட்டி, மறுபடி வேறு பக்கம் பிரிந்து வந்த வழி.

உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடையொன்றில் கணக்கெழுதிய அப்பா, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பஞ்சிகாவத்தையில் ஓர் உதிரிப்பாகக் கடையில் சேர்த்துவிட்டார். கணக்குப் பார்க்கும் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார். முதலாளி என் கையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னையும் பிரஷையும் தந்து, சாக்கு நிறையக் கிடந்த பழைய காபரேற்றர்களைக் கழுவச் சொன்னார்.

பஞ்சிகாவத்தையைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கடினம். மருதானைக்குப் பக்கத்தில், தெருவின் இருபுறமும் வாகனங்களின் உறுப்புகள் தொங்கும் கடைகள். ஒரு கடையில் கதவுகள் மட்டும். இன்னொன்றில் முன்விளக்குகள் மட்டும். ஆறடி அகலத்தில் ஷொக் அப்சோபர் மட்டுமே விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவரும் அங்கே இருந்தார். வாடிக்கையாளர் பெரும்பாலும் கார் சொந்தக்காரராக இருக்கமாட்டார். கராஜ் பாஸ் (மெக்கானிக்) அனுப்பிய பையனாக இருப்பான். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு உடைந்த இரும்பை மேசையில் வைத்து, "இது இருக்கிறதா?" என்பான். எந்தக் காருக்கு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. கடையில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அங்கேதான் என் கைக்குப் பார்வை வந்தது. 1950களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் ஒன்றின் சில உறுப்புகளை மற்றொன்றுக்குப் போடலாம் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. ஏழு அங்குல வட்ட லூக்கஸ் விளக்கு ஒன்று ஒஸ்ரினுக்கும் பொருந்தும், மொறிசுக்கும் பொருந்தும், ஹில்மனுக்கும் பொருந்தும். எது எதற்குப் பொருந்தாது என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம் கூடும் என்பார் முதலாளி. எனக்கு அவர் கூட்டியதில்லை; அது வேறு கதை.

பிறகு டோஹா. வாடகைக் கார் கொம்பனியொன்றில் திரும்பி வரும் வண்டிகளைப் பார்த்து எடுக்கும் வேலை. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. வெயில், பகிர்ந்துகொண்ட அறை, வெள்ளிக்கிழமைச் சமையல். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: காரைக் கொடுக்கும்போது ஒரு முறை சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும் எழுதுவது, வாங்கும்போது மறுபடி சுற்றிவருவது. இன்றுவரை என்னிடம் கார் கொடுக்கும் பெரியவர்கள் என்னை நம்புவதற்கு இந்த ஒன்றுதான் காரணம். அவர்கள் கண்முன்னாலேயே நான் அவர்கள் காரின் குறைகளைப் படமெடுப்பேன். முதலில் கோபிப்பார்கள். பிறகு, "இவன் ஒழுங்கான ஆள்" என்பார்கள்.

திரும்பி வந்து காப்புறுதி நட்ட மதிப்பீட்டாளர் ஒருவருக்கு உதவியாளனானேன். விபத்தில் அடிபட்ட வாகனத்தைக் கராஜுக்குப் போய்ப் பார்த்து, படமெடுத்து, எந்தத் தகட்டை அடித்து நிமிர்த்தலாம், எதை மாற்றவேண்டும் என்று குறித்து வரவேண்டும். நீர்கொழும்பு, சிலாபம், குருணாகல், ஹட்டன் என்று அலைச்சல். கராஜ்களின் முன்பக்கத்தில் நேற்று அடிபட்ட ஜப்பான் கார் நிற்கும். பின்பக்கம் போனால், தென்னோலைக்கும் தார்ப்பாய்க்கும் கீழே வேறொரு உலகம். முப்பது வருடங்களுக்கு முன் யாரோ வேலைக்கு விட்டு, காசில்லாமல் எடுக்காமல் போன ஃபியட் 1100. தோட்டத்துத் துரை விட்டுப்போனதாகச் சொல்லப்படும் ஹம்பர். சிலாபத்துக்கு அப்பால் ஒரு கோழிக்கூடு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது கதவு கழன்ற ஸ்டாண்டர்ட். கோழிகள் பின்னாசனத்தில் முட்டையிட்டிருந்தன.

யாரும் கேட்காமலேயே இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டுவந்தேன். ஊர், வழி, கார், ஆண்டு, சொந்தக்காரர் பெயர். ஏன் என்று கேட்டால் அப்போது பதில் இல்லை. மதிப்பீட்டாளர் ஐயா ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கல்வெட்டா?" என்றார். நாங்கள் நம்பியிருந்த கொம்பனி நட்டக்கணக்கைக் காட்டி வெளியாட்களை நிறுத்தியது. ஐயா ஓய்வெடுத்தார். எனக்கு வேலை போனது. கொப்பிகள் மட்டும் மிஞ்சின.

அடுத்தது கல்யாணக் கார். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கல்யாணங்களில் பழைய கார் ஒன்றில் மாப்பிள்ளை அழைப்பு வைப்பது வழக்கமாகத் தொடங்கியிருந்த நேரம். என் கொப்பியிலிருந்து ஐந்தாறு பேரைப் பிடித்து, வெள்ளை நிறத்தில் எது இருந்தாலும் பூச்சரம் கட்டி ஓட்டினேன். நல்ல தொழில்தான். ஆனால் முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காலி வீதியில் ரேடியேற்றர் கொதித்தால், மணமகளின் பெரியப்பா என்ன பேசுவார் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அப்படியொரு கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த பையனின் நண்பன், ஒரு சிங்கள நாடகத்தில் கலை இயக்குநருக்கு உதவியாளன். "அண்ணா, ஒரு நாளைக்கு இரண்டு கார் வேண்டும். கதை 1955இல் நடக்கிறது" என்றான்.

நான் எடுத்துப்போனவை கல்யாணத்துக்கு ஓடிய கார்கள். கண்ணாடி போல மினுங்கின. ஒளிப்பதிவாளர் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். கார் முழுவதும் விளக்குகளும் கெமராவும் அவருடைய வயிறும் தெரிந்தன. சொந்தக்காரர் மூன்று பூச்சு மெழுகு போட்டுத் தேய்த்திருந்தார். அதன் மேல் முல்தானி மண் தூவப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் அதற்குள்ளேயே இருக்கிறது. படத்துக்கு வேண்டியது சாதாரணக் கார். ஓர் எழுதுவினைஞர் கடன்பட்டு வாங்கிய ஒஸ்ரின், கொழும்புக் கோட்டையில் சவாரிக்கு நின்ற வாடகை மொறிஸ் மைனர், டாக்டர் ஒருவர் வீடு வீடாகப் போன ஹில்மன். பாதுகாக்கப்பட்டவையோ பணக்காரர்களின் கார்கள். ரோல்ஸ் ரொய்ஸ் கேட்டால் நாளைக் காலையே கொண்டுவந்து நிறுத்துவேன். பம்பர் நெளிந்து, கதவில் ஒரு பக்கம் வேறு நிறமாக இருக்கும் ஒஸ்ரின் ஏ40 கேட்டால் இரண்டு கிழமை அலையவேண்டும். யார் அதைக் காப்பாற்றி வைப்பார்கள்?

சாதாரணக் கார் கிடைத்தாலும் ஆண்டு பொருந்தவேண்டும். மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் வந்தது, 1971 வரை காராக உற்பத்தியானது. தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே ஆமை. ஆனால் 1956க்கு முந்தியதில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். 1961 வரை, திரும்பும் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் கை வெளியே எழும். அதற்குப் பிறகு கண்சிமிட்டும் விளக்கு. 1955இல் நடக்கும் கதையில் ஒற்றைக் கண்ணாடி மைனரைக் கொண்டுபோய் நிறுத்தினால், இலங்கையில் குறைந்தது இருநூறு ஓய்வுபெற்ற பெரியவர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவர்களுக்கு வேறு வேலையில்லை என்று இயக்குநர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெரியவர்களைப் பிடிக்கும்.

இலக்கத்தகடு அதைவிடப் பெரிய விஷயம். முன்பு நம் வாகனங்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த சீ.ஈ., சீ.எல்., ஈ.வை. போன்ற வரிசைகள் ஓடின. 1957இல்தான் சிங்கள எழுத்தில் ஸ்ரீ வந்தது. 1956 தேர்தல் காட்சியில் ஸ்ரீ தகட்டோடு கார் போனால் அது வெறும் பிழையாக நிற்காது, நடக்காத வரலாறாகிவிடும். அந்த ஓர் எழுத்துக்காக வடக்கில் போராட்டம் நடந்தது. 1958இல் ஸ்ரீ தகட்டோடு பஸ்கள் வடக்கே வந்தபோது எங்கள் ஆட்கள் அதன் மேல் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். அந்த ஆண்டு மே மாதம் தமிழருக்கெதிரான கலவரம் வெடித்தது தெரிந்ததே.

ஒரு படத்துக்குத் தார் பூசிய ஸ்ரீ தகடு வேண்டியிருந்தது. மருதானையில் தகடு எழுதும் ஒரு முதியவர் இருக்கிறார். சிங்களவர், கையால் எழுதுகிறவர். கறுப்புத் தகட்டில் வெள்ளையில், வளைவுகள் சற்றும் பிசகாமல் ஸ்ரீ எழுதி, காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துத் தந்தார். படப்பிடிப்புக்கு அவரையும் கூட்டிப்போயிருந்தேன். உதவி இயக்குநர் தார்ப் பிரஷை எடுத்ததும் அவர் பதறிப்போய், "மாத்தயா, வேறு தகடு எழுதித் தருகிறேன், அதில் பூசுங்கள். இது நன்றாக வந்திருக்கிறது" என்றார். அவருக்கு அரசியல் ஒன்றுமில்லை. எழுத்து நன்றாக வந்திருந்தது, அவ்வளவுதான். கடைசியில் இரண்டாவது தகடு ஒன்றை அவசரமாக எழுதி, அதில் தார் பூசினார்கள். முதலாவது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தமிழன் வீட்டில் ஸ்ரீ தகடு எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஆளைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்வேன்.

வெளிநாட்டுப் படங்கள் இங்கே வருவது புதிதல்ல. கித்துல்கலவில் குவாய் நதிப் பாலம் கட்டியது எல்லோரும் அறிந்த கதை. பழைய பம்பாயை எடுக்கக் கொழும்புக்கு வருகிறார்கள் என்பதுதான் எனக்குச் சோறு போடும் செய்தி. தீபா மேத்தா 2011இல் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' படத்துக்கு வந்தார். பிறகு 'பாம்பே வெல்வெட்' படத்துக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தில், ரன்மினிதென்னவில் ஒரு பழைய பம்பாயையே கட்டினார்கள். அவற்றில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அவர்கள் வந்துபோன வழியில்தான் பின்னால் வந்தவர்கள் என்னைத் தேடிப் பிடித்தார்கள்.

ஏன் இங்கே? கட்டடங்கள் ஒரு காரணம்: கோட்டையில் யோர்க் வீதியின் செங்கல் முகப்புகள், சதாம் வீதியின் தூண்கள். இன்னொரு காரணம் கார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுக் கார் வருவது அரிதாக இருந்தது. இருந்ததை ஒட்டி, தட்டி, ஈயம் ஊற்றி ஓட்டினார்கள். அந்தப் பஞ்சத்தின் மிச்சத்தைத்தான் இன்று நான் வாடகைக்கு விடுகிறேன். அதோடு இந்தியாவைப் போலவே நமக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். அம்பாசடர் வேண்டுமென்றால் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசை இருக்கிறது. அம்பாசடர் அதிலிருந்து பிறந்ததுதான். பம்பாய் டாக்சிக்கு ஃபியட் 1100. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று ஓடியதும் அதன் வம்சமே. உடம்பைக் கறுப்பாக்கிக் கூரையை மஞ்சளாக்கினால் பம்பாய். கழுவினால் மறுபடியும் தெஹிவளை. கழுவினால் போகும் வர்ணமாக இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். வியட்நாம் கதை என்று இடப்பக்க ஸ்டியரிங் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் கையை விரித்துவிடுவேன்.

படப்பிடிப்புத் தளத்தில் என் பாதி நேரம் ஆட்களைக் காரிலிருந்து விலக்கிவைப்பதில் போகிறது. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வாகனங்களுக்கு நேரெதிர். இது தெரியாத ஒரு விளக்குப் பையன், பற்றரி இறங்கிய மைனருக்கு ஜீப்பிலிருந்து கம்பி கொடுத்தான். நல்லவேளை, புகையோடு போனது. அடுத்தது ஒலிப்பதிவாளர். மைனரின் சாவியைத் திருப்பியதும் அதன் மின் பெற்றோல் பம்பு 'டிக் டிக் டிக்' என்று அடிக்கும். காதலர்கள் கண்ணில் நீர் ததும்பப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் டிக் டிக். ஆகவே பேச்சுள்ள காட்சிகளில் எஞ்சினை நிறுத்திவிட்டு, நான்கு பையன்களைப் பின்னால் குனியவைத்துத் தள்ளுகிறோம். நீங்கள் திரையில் பார்த்து உருகிய பல கார்ப் பயணங்கள் அப்படித் தள்ளப்பட்டவை.

சொந்தக்காரர்களில் பலர் தங்கள் காரை வேறொருவர் ஓட்ட விடமாட்டார்கள். அப்போது அவர்களையே சாரதியாக நடிக்கவைக்க வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் ஐயா இருக்கிறார். பேஜோ 203 வைத்திருக்கிறார். அவருக்குச் சாரதித் தொப்பி போட்டு, மணிக்கூட்டைக் கழற்றி, டாஷ்போர்டில் மின்னும் பிள்ளையாரை எடுத்து என் பையில் வைத்துக்கொள்வேன். பிள்ளையாரை எடுப்பதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கவேண்டும். கெமரா முன்னால் கதாநாயகன், "வேகமாகப் போ" என்று கத்தினால், ஐயா நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இது 1953ஆம் ஆண்டுக் கார்" என்பார். அவர் காட்சியை எப்போதும் இரண்டு முறை எடுக்கவேண்டும்.

2022இல் தொழில் படுத்தது. பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூ.ஆர். முறை, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். என் ஆட்களின் கார்கள் பலவற்றின் செசி இலக்கம் பதிவேட்டில் இருந்ததோடு பொருந்தவில்லை. அறுபது வருடங்களில் யார் யாரோ வெட்டி ஒட்டிய உடம்புகள். இலக்கம் பொருந்தாவிட்டால் கியூ.ஆர். இல்லை. அந்த வருடம் நான் கல்யாணக் கார்களுக்குத் திரும்பினேன்; கல்யாணங்களும் சுருங்கியிருந்தன.

இப்போது மீண்டும் வருகிறார்கள். ஆனால் கேட்பது மாறிவிட்டது. இளம் இயக்குநர்களுக்கு 1950கள் வேண்டாம்; தங்கள் பிள்ளைப் பருவம் வேண்டும். டட்சன் சன்னி, பெட்டி லான்சர், டொயோட்டா டி.எக்ஸ். வேகன். 1953ஆம் ஆண்டு பேஜோவைவிட 1983ஆம் ஆண்டு லான்சரைக் கண்டுபிடிப்பது கடினம். அவை அரும்பொருளாகும் முன்பே வெறும் பழசாகிவிட்டன. கழற்றிப் பஞ்சிகாவத்தையில் தொங்கவிட்டார்கள். 1983 ஜூலைக் கலவரக் கதை எடுக்கிறவர்கள் எரிப்பதற்கும் கார் கேட்பார்கள். ஓடுகிற காரை எரிக்கத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெறும் கூடு தருவேன். என் மாமாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் அந்த ஜூலையில் காலி வீதியில் எரிந்தது. கூடு எரிந்தாலும் திரையில் அதே நெருப்புத்தான்.

சமீபத்தில் ஒரு படத்துக்கு வெள்ளை வேன் கேட்டார்கள். 'டொல்பின்' என்று நாம் சொல்லும் டொயோட்டா ஹையேஸ், கறுப்புக் கண்ணாடியோடு, இலக்கத்தகடு இல்லாமல். 2006க்குப் பிந்திய, வெள்ளை வேன்களில் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன காலத்துக் கதை என்றார்கள். மேலே விளக்கத் தேவையிருக்கவில்லை. வத்தளையில் மீன் ஏற்றும் ஒருவரிடம் அப்படியொன்று இருந்தது. கழுவி, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, மறுநாள் அதிகாலைப் படப்பிடிப்பு என்பதால் மாலையில் எங்கள் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். தகட்டைத் தளத்தில் கழற்றலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார்.

"தம்பி, அந்த வேன் யாருடையது?"

"படத்துக்கு அக்கா. நாளைக் காலையில் போய்விடும்."

"படமோ கிடமோ, இரவு இங்கே நிற்கவேண்டாம். எதிர்வீட்டம்மா மகனைப் பின்பக்கத்தால் அனுப்பிவிட்டா."

அந்த மகனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது, வங்கியில் வேலை. சந்து முழுவதும் விளக்குகள் அணைந்திருந்தன. சாவியை எடுத்துக்கொண்டு வேனை வத்தளைக்கே திருப்பி ஓட்டிப்போய், மீன்காரர் முற்றத்தில் விட்டுவிட்டு, ஓட்டோவில் திரும்பி வந்தேன். எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளை வேனுக்கான என் விலைக்கூறலில், தரிப்பிடக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறது. போன மாதம் ஒரு தயாரிப்பு முகாமையாளர் அதில் விரலை வைத்து, "உங்கள் வீட்டு வாசலில் இடம் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்டார். மொறிஸ் மைனருக்கு இடம் இருக்கிறது, வேனுக்கு இல்லை என்றேன். அவரும் கொட்டாஞ்சேனைக்காரர். போக்குவரத்துச் செலவில் இரண்டாயிரம் ரூபாய் குறைத்துவிட்டு, அந்த வரியைத் தொடாமல் கையெழுத்திட்டார்.